வேன் கதவு வரைக்கும்

எங்கள் பேண்டின் வரலாற்றை ஆயிரம் வார்த்தைக்குள் எழுதித் தரச் சொன்னார் ஷ்யாமளா. இங்கே டாலஸ் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு மலருக்கு அவர்தான் பொறுப்பு. "பாசிட்டிவா இருக்கட்டும் அங்கிள். போட்டோ நாலு அனுப்புங்க" என்றார். என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவர், அங்கிளாம்! சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். எந்த வருஷம் ஆரம்பித்தோம், எந்தெந்த ஊரில் பாடினோம், யார் யார் கை தட்டினார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது எங்களைப் பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்தது வேறு.

நான் இளங்குமரன். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். வாசிப்பது பேஸ் கிட்டார். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில், அது நின்றுபோனால்தான் அது இருந்ததே உங்களுக்குத் தெரியும் என்பது. டிரம்ஸ் பசுபதி, மதுரைக்காரன், பல் டாக்டர். ஃபிடில் புஷ்பவல்லி, மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். கும்பகோணத்தில் பத்து வருஷம் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டு வந்து, இங்கே நின்றுகொண்டு கௌபாய் பாட்டுக்கு வாசிக்கிறவள். பாடுகிறவர் ஜெயபிரகாஷ் சாமுவேல். எல்லாருக்கும் ஜேப்பி.

ஜேப்பி பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். பக்கத்து வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் ஓடிய அமெரிக்க கிராமத்துப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. டெக்சஸ் வந்து பாலம் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தொப்பியும் பூட்ஸும் வாங்கிவிட்டார். 2002-இல் நாங்கள் நாலு பேரும் ஆலனிலிருந்து ரிச்சர்ட்சனுக்கு ஒரே காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் டிரைவ் பண்ணிக்கொண்டே தானே எழுதிய பாட்டைப் பாடுவார். பசுபதி டேஷ்போர்டில் தட்டுவான். அப்படித்தான் 'ஜேப்பியும் கார்பூலும்' ஆரம்பித்தது. மாட்டுச் சந்தை, கவுன்ட்டி ஃபேர், முன்னாள் ராணுவத்தினர் மன்றம் என்று எங்கே கூப்பிட்டாலும் போனோம். தொப்பி போட்ட கறுப்புத் தமிழர் ஒருவர் மேடையேறினால் முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது பாட்டில் சிரிப்பு நிற்கும். ஆறாவது பாட்டில் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல் அவருக்கு.

நாங்கள் பின்னால் நின்றவர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பின்னால் நிற்பதற்கு ஒரு தர்மம் உண்டு, அதை எங்களுக்குக் கொண்டுவந்தவள் புஷ்பவல்லி. கச்சேரியில் பாடுகிறவர் தடுமாறினால், பக்கவாத்தியக்காரர் தான் தடுமாறியதுபோல் காட்டிக்கொள்ள வேண்டும் என்பாள். ஜேப்பி ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே இவள் வில்லை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தப்பு தன்னுடையது என்பதுபோல் நாக்கைக் கடித்துக்கொள்வாள். கூட்டம் சிரிக்கும். ஜேப்பி அதற்குள் அடுத்த வரியைப் பிடித்துவிடுவார். அவர் எங்கே போகிறாரோ அங்கே நாங்கள் போவோம். அவர் இரண்டு சரணம் தாண்டினால் நாங்களும் தாண்டுவோம். எல்லாம் அப்படியே எழுதி வைத்ததுபோல் இருக்கும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

2004-இல் ஸ்டீஃபன்வில்லில் ஒரு நிகழ்ச்சி. பசுபதி ஒரு பாட்டில் நாலு தட்டு முன்னாலேயே நுழைந்துவிட்டான். திரும்பி வரும்போது வேனில் ஜேப்பி அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் திருப்பிக் கொடுத்தான். நான் நடுவில் புகுந்தேன், எனக்கும் விழுந்தது. புஷ்பவல்லி "ஸ்டாப் பண்ணுங்க" என்று கத்தி, கிளென் ரோஸ் பக்கத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் ஃபிடிலோடு இறங்கி, கணவனுக்கு போன் போட்டு வரச்சொல்லிவிட்டாள். நாலு மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரே காரில் போனவர்கள் நாலு காரில் வேலைக்குப் போனோம், வெட்கக்கேடு. கடைசியில் ஜேப்பிதான் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு வீடாக வந்தார்.

"இனிமே மேடையில நடந்தது வேன் கதவு வரைக்கும்தான். உள்ள ஏறிட்டா யாரு தப்பையும் யாரும் பேசக்கூடாது. சத்தியமா?" என்றார்.

நாங்களும் சத்தியம் செய்தோம். அதன்பின் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அதை மீறவில்லை. வேனில் ஏறினால் குழந்தைகள் படிப்பு, யாருக்கு முழங்கால் வலி, எந்தக் கடையில் வாழைப்பூ வந்திருக்கிறது, இதுதான் பேச்சு. இதனால்தான் பேண்ட் உடையாமல் நின்றது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

2021 அக்டோபரில் வெதர்ஃபோர்டில் பாடினோம். அவருடைய பேர்போன பாட்டு, அப்பாவின் எஞ்சினைப் பற்றியது, ஆறு சரணம். இரண்டாவது சரணத்தைப் பாடி முடித்துவிட்டு மறுபடியும் இரண்டாவதையே பாடினார். புஷ்பவல்லி ஒரு பிடி பிடித்து அதை வேண்டுமென்றே செய்ததுபோல் ஆக்கிவிட்டாள். நல்ல கைதட்டல். நான் மட்டும் கைதட்டலைக் கவனிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை பாடும்போது அவர் முகத்தில் தப்பு செய்தவனின் முழி இல்லை. முதல் தடவை பாடுகிறவரின் முகம்தான் இருந்தது. வேனில் ஏறினோம். பசுபதி தன் பெண்ணின் காலேஜ் அப்ளிகேஷனைப் பற்றிப் பேசினான். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஜேப்பி எங்களை ஊர் பேர் சொல்லி அறிமுகப்படுத்துவார். அடுத்த வருஷம் ஒரு நாள் பசுபதியைக் காட்டி, "டெக்சஸிலேயே சிறந்த பல் டாக்டர் டிரம்ஸ் வாசிக்கிறார்" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், பசுபதியும் சிரித்தான். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே ஜோக். அதற்கடுத்ததிலும் அதே. மூன்றாவது தடவை பசுபதி சிரித்தபோது அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் சட்டென்று குனிந்து எதையோ முறுக்கினான். அதன்பிறகு அறிமுகம் செய்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஜேப்பிகூடக் கேட்கவில்லை.

நான் மேடையில் பின்னால் நிற்கிறவன். மெல்ல மெல்ல அவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் முதல் வார்த்தையைச் சத்தமில்லாமல் வாயசைப்பேன். அவர் என் வாயைப் பார்த்துப் பாடுவார். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாமும் சேர்ந்து வாயைத் திறப்போமே, அதுபோல. வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், மீதி வரி தானாக வந்துவிடும், குரலில் ஒரு கீறல் இருக்காது. புஷ்பவல்லி ஆறு சரணத்தை நாலாகச் சுருக்கி நடுவில் தானே வாசித்து நிரப்பினாள். பசுபதி ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை டிரம்ஸை நிறுத்தவே மாட்டான், ஜேப்பி யோசிக்க இடமே கொடுக்க மாட்டான். இதையெல்லாம் நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ரிகர்சலில்கூட ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்தோம், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசித்ததிலேயே அந்த மூன்று வருஷம்தான் சிறந்தது. ஒரு உள்ளூர் பத்திரிகைக்காரன் நாலு பேரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள் என்று எழுதினான். அதைக் கத்தரித்து என் ஆபீஸ் மேஜையில் ஒட்டி வைத்திருந்தேன். இந்த வெட்கங்கெட்டவன் அதைத் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

ஸ்வர்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேப்பியின் மனைவி, குழந்தைகள் டாக்டர். எந்த ஊரானாலும் முன்வரிசையில் வந்து உட்காருவார். வீட்டில் ஜேப்பி சாவியை ஃபிரிட்ஜில் வைப்பதும், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தடவை என்னிடமே கேட்டார்.

"குமரன், இவருக்கு மறதி ஜாஸ்தியான மாதிரி இல்ல? செக் பண்ணலாமான்னு பாக்கறேன்." பேசிக்கொண்டே அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஆனா ரெண்டு மணி நேரம் ஒரு வரி விடாம பாடறார். நானே இருபது பாட்டு மனப்பாடமா பாட முடியாது. டயர்டா இருக்கார்போல, இல்ல?"

"ஆமாங்க, வேலை ஜாஸ்தி" என்றேன்.

ஆமாங்க! அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன். அது 2023 மார்ச். அன்றைக்கு வேறு மாதிரி ஒரு பதில் சொல்லியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஜேப்பி பால் வாங்கப் போனார். கடை வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். நாலு மணி நேரம் கழித்து ஓக்லஹோமா எல்லை தாண்டி டுராண்டில் ஒரு கேஸ் ஸ்டேஷனில், எஞ்சினை அணைக்காமல் காரில் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர்தான் அவர் போனிலிருந்து ஸ்வர்ணாவைக் கூப்பிட்டார். அடுத்த வாரமே நரம்பு டாக்டர், ஸ்கேன், டெஸ்ட் எல்லாம். மறதி நோய், நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போட ஒரு ஊசி மருந்து இருக்கிறதாம், இப்போது அது கொடுக்க முடியாதாம்.

ஸ்வர்ணா நம்பவில்லை. "போன மாசம்கூட ஃபுல் ஷோ பண்ணார் டாக்டர்" என்று போனிலிருந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். அந்த டாக்டருக்குப் பாட்டும் தெரியாது, எங்களையும் தெரியாது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பாடுகிறவரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவர் வாயைப் பாருங்கள் என்றாராம்.

வீட்டுக்கு வந்து ஸ்வர்ணா, முன்வரிசையிலிருந்து தான் எடுத்து வைத்திருந்த நாற்பது வீடியோவையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மெசேஜ் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வரவும் என்று.

ஆலனில் அவர்கள் வீட்டு ஹால்தான் எங்களுக்கு எப்போதும் ரிகர்சல் இடம். டிரம்ஸும் என் பேஸும் புஷ்பவல்லியின் இன்னொரு ஃபிடிலும் அங்கேயே இருக்கும். போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். ஜேப்பி உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். ஸ்வர்ணா காபி கொடுத்தார். அப்புறம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க வாய்தானே குமரன்?"

நான் தலையாட்டினேன்.

"எப்பலேருந்து?"

புஷ்பவல்லிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரு ஒண்ணரை வருஷமா அக்கா."

"ரெண்டரை" என்றான் பசுபதி. "என் பேரை மறந்ததுலேருந்து."

நான் வெதர்ஃபோர்டைச் சொன்னேன். மூன்றரை வருஷம். புஷ்பவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு அப்பவே தெரியுமா? நான் நீங்க அக்காகிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றான் பசுபதி அவளைப் பார்த்து.

நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஸ்வர்ணாவுக்கு முன்னால் வைத்துத்தான் பேசினோம்.

"நாங்க என்ன நியூராலஜிஸ்ட்டாங்க? வயசாகுதுன்னு விட்டுட்டோம்" என்று பசுபதி இழுத்தான்.

"நான் டாக்டர் பசுபதி. எனக்கே ஏன் தெரியலன்னு யோசிச்சீங்களா?" ஸ்வர்ணா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்டுல அவர் ஒண்ணு மறந்தா பயமா இருக்கும். சனிக்கிழமை ஷோவுக்கு வருவேன். அவர் பாடறதைப் பார்ப்பேன். சரி, ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். மூணு வருஷம் உங்களைப் பார்த்துத்தான் தைரியமா இருந்தேன்."

புஷ்பவல்லி அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பேசக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தோம், அவர் மானத்தைக் காப்பாற்றினோம் என்றெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. அதில் பாதிதான் நிஜம். ஜேப்பி இல்லாவிட்டால் நான் யார்? டெலிகாம் கம்பெனியில் லேஆஃப் லிஸ்ட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆள். சனிக்கிழமைகளில் மட்டும்தான் எனக்கு உயிர் வரும். அதை விட மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். ஸ்வர்ணா கேட்டுக்கொண்டார், மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

அப்போது ஜேப்பி வந்தார். தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடா இது, எல்லாரும் வந்துட்டீங்க! ரிகர்சலா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்று கிட்டாரை எடுத்துக்கொண்டார்.

ஸ்வர்ணாவைப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மூடினார். பசுபதி டிரம்ஸ் பின்னால் போய் உட்கார்ந்தான். கால் தானாகப் போய்விட்டது பாவம். நான் பேஸை மாட்டினேன். புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். ஜேப்பி அப்பாவின் எஞ்சின் பாட்டை ஆரம்பித்தார். முதல் சரணம் அருமையாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அந்த வீட்டு ஹாலில், காபி டம்ளர்களுக்கு நடுவில், அவ்வளவு நன்றாகப் பாடினார்.

மூன்றாவதில் நின்றார். என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் குமரன்" என்றார் ஸ்வர்ணா.

புஷ்பவல்லியின் வில் தூக்கிய இடத்தில் நின்றது. ஸ்வர்ணா எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாரும் வாசிக்காதீங்க. பசுபதி, நிறுத்துங்க. எனக்கு இவர் எங்க நிக்கறாருன்னு பாக்கணும். ஒரு தடவையாவது நான் பாக்கணும்."

டிரம்ஸ் நின்றது. ஜேப்பியின் வலது கை மட்டும் அதே கம்பிகளை மறுபடி மறுபடி மீட்டிக்கொண்டிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, அதை அசைத்தால் போதும், அவர் பாட்டுக்குப் போய்விடுவார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நல்ல சிரிப்போடுதான் காத்திருந்தார் முதலில். மெல்ல அந்தச் சிரிப்பு போயிற்று. புஷ்பவல்லியைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பசுபதியைப் பார்த்தார். கிட்டாரை மீட்டுவதை நிறுத்தினார்.

"என்னடா... எம்மேல கோவமா?" என்றார்.

நான் பேஸின் வால்யூமைக் குறைத்தேன்.

"நான் எதாவது சொல்லிட்டேனா? சொல்லியிருந்தா சாரிடா. சத்தியமா தெரியல." சின்னப் பிள்ளையைப்போல எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வர்ணாவிடம் திரும்பினார். "ஸ்வர்ணா, நீ கேளேன் இவங்கள. நான் என்ன பண்ணேன்? இவங்க இப்படி என்னை விட்டதே இல்ல."

ஸ்வர்ணா புஷ்பவல்லியின் மணிக்கட்டை விடாமல் அழுதுகொண்டு நின்றார். ஜேப்பி பதிலுக்காகக் காத்திருந்தார். நான் பேஸின் கம்பிகளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.